ஒரு காரியதரிசியின் குறிப்புகள்

ஒற்றன் என்றதும் மாறுவேஷமும் நள்ளிரவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கதை எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு அவை இல்லாமல் பிழைப்பு நடக்காது. ஆனால் வியாபாரச் சரித்திரத்தில் நான் கண்ட மிகப் பெரிய உளவுக்காரன் வேஷமே போடாதவன். அவனை யாரும் உளவுக்கு அனுப்பவும் இல்லை.

லின்ஸ்கோட்டன் என்ற அந்த ஹாலந்து வாலிபன், 1583-ல் ஆர்ச் பிஷப்பின் காரியதரிசியாகக் கோவாவில் வந்து இறங்கினான். ஐரோப்பாவுக்கு மிளகு போகும் கடல் வழி அப்போது போர்த்துகீசியர் கையில் இருந்தது. வழிப் படங்களை அவர்கள் அந்நியர் கண்ணில் படாமல் காத்தார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து கடிதம் எழுதிய அந்நியனை மறந்துவிட்டார்கள். எந்த மாதம் எந்தக் காற்று, எந்தத் துறையில் என்ன சரக்கு, என்ன எடை, என்ன நாணயம் என்று ஐந்து வருஷம் அவன் குறித்துக்கொண்டே இருந்தான்.

இவற்றைவிட விலை மதிப்புள்ள விஷயம் ஒன்றையும் அவன் கவனித்தான். மூன்று வருஷப் பதவிக்கு வரும் அதிகாரிகள், ராஜாங்கத்தை மறந்து தங்கள் பெட்டியை நிரப்பிக்கொண்டு போனார்கள். போட்டிக்காரன் இன்று என்ன விற்கிறான் என்பது வெறும் கணக்கு. நாளை அவன் பிடி எங்கே தளரும் என்று அறிவதல்லவா உளவு!

1592-ல் அவன் ஊர் திரும்பினான். அதே வருஷம் ஆம்ஸ்டர்டாம் வர்த்தகர்கள், விசாரித்து வரும்படி ஹூட்மன் என்பவனை லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். 1595-ல் அந்த ஹூட்மனே லின்ஸ்கோட்டனின் குறிப்புகளுடன் நான்கு கப்பல்களில் கிளம்பினான். போர்த்துகீசியர் காவல் காத்த மலாக்கா பக்கம் போகாமல், சுந்தா ஜலசந்தி வழியாக 1596-ல் ஜாவாவை அடைந்தான். போனவர்களில் பாதிப் பேர்கூட உயிரோடு திரும்பவில்லை. ஆனாலும் வழி திறந்துவிட்டது.

லின்ஸ்கோட்டனின் பெரிய புத்தகம் 1596-ல் அச்சேறி, 1598-ல் ஆங்கிலத்திலும் வந்தது. 1600-ல் ஆங்கிலேயக் கம்பெனியும் 1602-ல் டச்சுக் கம்பெனியும் பிறந்தன. 1641-ல் மலாக்காவும் 1658-ல் நம் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் வசமாயின.

போர்த்துகீசியர் ஒரு காரியதரிசியால் கெட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் எழுதிய ஊழல், கோவாவின் கடைவீதியில் பகல் வெளிச்சத்தில் நடந்தது. படங்களைப் பூட்டத் தெரிந்த எஜமானர்கள், அந்த வீதிச் செய்தியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதைக் கேட்டுக்கொண்டவன் எதிராளி.