35 வயசுல பி.ஹெச்டி-யா? மறுபடியும் காலேஜ் போறவங்க ஆராய்ச்சியாளர் ஆவது எப்படி?

"குழந்தை ஸ்கூல் போகுது, இ.எம்.ஐ ஓடுது... இப்போ போய் காலேஜா?" முப்பதைத் தாண்டியவர்கள் பி.ஹெச்டி பற்றிப் பேச்செடுத்தாலே வீட்டில் வரும் முதல் ரியாக்‌ஷன் இதுதான். அதைச் சமாளித்து அட்மிஷன் வாங்கினால், அடுத்த பயம் நமக்குள்ளேயே வரும். பக்கத்து சீட்டில் 23 வயதுப் பையன் லேப்டாப்பில் டேட்டாவைப் பிரித்து மேய்ந்துகொண்டிருப்பான். நாமோ ஒரு ஆய்வுக் கட்டுரையை முழுசாகப் படித்தே பல வருஷம் ஆகியிருக்கும்.

வயசு இதில் பெரிய பிரச்னையே இல்லை. வேலையில் கிடைத்த அனுபவத்தை ஆராய்ச்சியாக மாற்றத் தெரிகிறதா என்பதுதான் விஷயம்.

60 வயதில் டாக்டர் ஆன கிட்டாரிஸ்ட்

குயீன் ராக் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே, 1970-ல் லண்டன் இம்பீரியல் காலேஜில் வானியற்பியலில் பி.ஹெச்டி ஆரம்பித்தார். பேண்ட் பிக்கப் ஆனதும் 1974-ல் படிப்பைப் பாதியில் விட்டார். 2006-ல் திரும்பி வந்து, 2007-ல் தன் 60-வது வயதில் முடித்தார். சூரியக் குடும்பத்தில் பரவிக்கிடக்கும் தூசு எப்படி நகர்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. பழைய நோட்டை டைப் செய்து கொடுத்தால் போதும் என்று இருக்கவில்லை. இடைப்பட்ட முப்பது வருஷத்துக்கும் மேலான காலத்தில் அந்தத் துறையில் வந்த ஆய்வுகளையும் படித்து, தீசிஸில் சேர்க்க வேண்டியிருந்தது. இடைவெளிக்குப் பிறகு திரும்புகிற எல்லோருக்கும் இதுதான் முதல் ஹோம்வொர்க்.

ரூல்ஸ் என்ன சொல்லுது?

நம் நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது யு.ஜி.சி-யின் 2022-ம் ஆண்டு விதிமுறைகள். அதில் முக்கியமானவை:

* வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிக்கலாம். அதற்கு அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். படிக்கப் போதுமான நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க்குக்காக விடுவிப்போம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.
* குறைந்தபட்சம் 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருஷம் கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவிகிதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 வருஷம் உண்டு.
* மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காகப் பெண்கள் 240 நாள்கள் வரை விடுப்பு எடுக்கலாம்.
* தொலைதூரக் கல்வி, ஆன்லைன் வழியில் பி.ஹெச்டி கிடையாது. 'வீட்டிலிருந்தே டாக்டர் பட்டம்' என்று விளம்பரம் வந்தால் உஷார்!

ஜே.ஆர்.எஃப் உதவித்தொகைக்குப் பொதுவான வயது வரம்பு 30. பெண்கள், எஸ்.சி, எஸ்.டி, ஓ.பி.சி பிரிவினருக்கு 5 வருஷத் தளர்வு உண்டு. அதைத் தாண்டியவர்கள், பணத்துக்கு என்ன வழி என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு அப்ளை பண்ணுவது நல்லது.

அனுபவம் கேள்வியைத்தான் தரும்

ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 'நைட் ஷிஃப்ட்லதான் மருந்து கொடுக்கறதுல தப்பு அதிகம் நடக்குது' என்று அவருக்குத் தோன்றுகிறது. அருமையான ஆய்வுக் கேள்வி. ஆனால், 'பத்து வருஷமா பார்க்கிறேனே' என்பது ஆதாரம் ஆகாது. எந்த வார்டு, எத்தனை மாதம், எதைத் தப்பு என்று கணக்கில் எடுக்கிறோம், பகல் ஷிஃப்ட்டில் எவ்வளவு என்று எண்ண வேண்டும். எண்ணிப் பார்த்தால் நாம் நினைத்தது தப்பு என்றுகூட வரலாம். அதையும் அப்படியே எழுதுகிற மனசு வந்துவிட்டால், நீங்கள் ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டீர்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாம் வேலை பார்க்கும் இடத்திலேயே ஆய்வு செய்தால், கூட வேலை பார்ப்பவர்கள் நம்மிடம் 'முடியாது' என்று சொல்லத் தயங்குவார்கள். நாம் சீனியர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்துப்பூர்வ சம்மதம், பெயர் வெளியே வராத பாதுகாப்பு மூன்றும் கட்டாயம். அவர்கள் சொன்னது மேலதிகாரி காதுக்குப் போனால், பாதிக்கப்படுவது அவர்களுடைய வேலை.

தினமும் கொஞ்சம்

சினாப்சிஸ் எழுதும் முன், ஷோத்கங்கா தளத்தில் உங்கள் துறையின் தீசிஸ் இரண்டு மூன்றையாவது புரட்டுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசம். தமிழ் இதழ்கள், பழைய நூல்கள் பற்றி ஆய்வு என்றால், சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அரசுக் கல்வி நிறுவனம் என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஜர்னல்களைப் படிக்கலாம். லாகின் பற்றி லைப்ரரியனிடம் கேளுங்கள்.

படித்ததை ஸோட்டீரோ போன்ற இலவச ஆப்பில் சேமித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஐந்து வரிக் குறிப்பு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து 'இதை எங்கேயோ படிச்சோமே' என்று தேடுகிற கொடுமை மிச்சம். 'பணம் கட்டினா மூணு நாள்ல பப்ளிஷ்' என்று வரும் மெயில்களை டெலிட் செய்துவிடுங்கள். தீசிஸ் சமர்ப்பிக்க ஜர்னல் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனையை யு.ஜி.சி 2022-லேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கைடு நம்மைவிடச் சின்னவரா?

இருக்கலாம். ஆபீஸில் பத்துப் பேருக்கு வேலை சொன்னவர், இங்கே சிவப்பு மையில் திருத்திய அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். கொஞ்சம் உறுத்தும், பழகிவிடும். அந்த 23 வயதுப் பையனிடம் 'தம்பி, இந்த சாஃப்ட்வேர் எனக்குத் தெரியலை, சொல்லிக்கொடுங்க' என்று கேட்டுவிடுங்கள். ஒரு அரசு அலுவலகத்தில் அனுமதி வாங்குவது எப்படி, முன்பின் தெரியாதவரிடம் பேட்டி எடுப்பது எப்படி என்று அவனுக்கு நீங்கள் சொல்லித்தரலாம்.

அப்ளிகேஷன் போடும் முன் ஒரு டெஸ்ட். உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, அந்தத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். 'அப்படியா, அதுக்கு என்ன பதில்?' என்று அவர் திருப்பிக் கேட்டால், தைரியமாக ஃபீஸ் கட்டலாம்!