கதவு மூடாத மஸ்டாங்

இந்த எபிசோட் ஒரு கார் கதவுல ஆரம்பிக்குது.

ஆன்சைட்ல ரெண்டு வருஷம் மிச்சிகன்ல இருந்தேன். என் டீம்ல ஒரு சீனியர், நம்ம ஊர்க்காரர், அண்ணான்னுதான் கூப்பிடுவேன். அவர் ஆசை ஆசையா ஒரு 1991 மாடல் ஃபோர்ட் மஸ்டாங் கன்வெர்டிபிள் வாங்கினார். 5 லிட்டர் வி8. சத்தம் அவ்வளவு அழகு. ஆனா ரோட்டுல ஒரு சின்ன ஒட்டு வந்தாப் போதும், ஸ்டியரிங் ஒரு பக்கம் ஆடும், முன் கண்ணாடி இன்னொரு பக்கம் ஆடும். "அண்ணா, முன்னாடி ஒரு கார், பின்னாடி ஒரு கார் மாதிரி இருக்கே"ன்னு கேட்டேன். சிரிச்சார். "சப்ஃபிரேம் கனெக்டர் போட்டா சரியாயிடும்டா"ன்னார். ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ல கொடுத்து வெல்டு வெச்சு எடுத்துட்டு வந்தார்.

மறுநாள் காலையில பக்கத்து சீட் கதவு மூடல.

பலப்படுத்தின வண்டியில கதவு ஏன் மூடாம போச்சு? பதில் கடைசியில வரும். அதுக்கு முன்னாடி எனக்கு இன்னொரு கேள்வி. ரெண்டு இரும்புச் சட்டம் போட்டா சரியாகுற விஷயத்தை ஃபோர்டே ஏன் செய்யல? மறந்துட்டாங்களா?

முதல்ல அந்தச் சட்டம் என்னன்னு பார்த்துடலாம். பழைய மஸ்டாங்கை அடியில படுத்துப் பார்த்தீங்கன்னா, முன்னாடி எஞ்சினைத் தாங்க ரெண்டு ரெயில் தெரியும். அது முன் சீட் பக்கத்துல முடிஞ்சிடும். பின் சக்கரத்தைத் தாங்க இன்னும் ரெண்டு ரெயில், பின் சீட்டுக்கு முன்னாடி ஆரம்பிக்கும். நடுவுல? வெறும் தரைத் தகடும், கதவுக்குக் கீழ ஓடுற ராக்கர் பேனலும்தான். இந்த இடைவெளியில முன் ரெயிலையும் பின் ரெயிலையும் கோர்க்கிற பாக்ஸ் பைப்புக்குப் பேர்தான் சப்ஃபிரேம் கனெக்டர்.

ஒரு காலத்துல கார்னா அடியில கனமான சேஸிஸ், அதுமேல ஒரு உடல். 1922ல இத்தாலியோட லான்சியா லாம்ப்டா உடலையே சேஸிஸா மாத்திக் காட்டுச்சு. 1934ல சிட்ரோயன் டிராக்ஷன் அவான் அதைப் பெரிய எண்ணிக்கையில செஞ்சு வித்துச்சு. தகடுகளை மடிச்சு, ஒட்டி, ஒரு பெட்டி மாதிரி ஆக்கிட்டா அடியில தனிச் சட்டம் வேண்டாம். இதுதான் யூனிபாடி.

பெட்டிக்கு ஏன் அவ்வளவு பலம்? ஒரு தீப்பெட்டியை எடுத்து முறுக்கிப் பாருங்க. சுலபத்துல முறுங்காது. இப்போ மேல் உறையை உருவிட்டு உள் தட்டை மட்டும் முறுக்குங்க. துணி மாதிரி வளையும். தேர்டு செமஸ்டர்ல ஸ்ட்ரெங்க்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கலாம் (எனக்கு அதுல அரியர், அதனாலயே ஞாபகம் இருக்கு). 50 மில்லிமீட்டர் விட்டம், 1.25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு குழாயை எடுத்துக்குங்க. அதை நீளவாக்குல ஒரே ஒரு கோடு பிளந்துட்டா, முறுக்குக்கு எதிரான அதோட விறைப்பு சுமார் 1,200 மடங்கு குறையும். இரும்பு அதேதான், எடையும் அதேதான். மூடியிருந்தது திறந்துடுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கார்ல கூரைதான் அந்தத் தீப்பெட்டியோட உறை. கன்வெர்டிபிள்னா வெறும் உள் தட்டு.

சரி, மஸ்டாங்குக்கு வருவோம். 1964 ஏப்ரல் 17, நியூயார்க் உலகக் கண்காட்சி. விலை 2,368 டாலர்ல ஆரம்பம். அந்த விலைக்கு எப்படிக் கொடுக்க முடிஞ்சது? அடியில இருந்தது புதுசு இல்ல. குடும்பங்களுக்காக 1960 மாடலா வந்த ஃபால்கன்ங்கிற சிக்கனக் காரோட அடித்தளம்தான் அது. ஃபால்கனோட முன் சஸ்பென்ஷன் ஆஸ்திரேலியாவோட கரடுமுரடு ரோட்டுல தாங்காம திணறின கதை அதுக்கு முன்னாடியே நடந்துடுச்சு. அதே வம்சத்துல வி8 எஞ்சினை வெச்சு, அழகான சட்டை போட்டு, மஸ்டாங்னு பேர் வெச்சாங்க.

ஃபோர்டுக்கு விஷயம் தெரியாதான்னா, நல்லாவே தெரியும். சாட்சி அவங்க காருக்குள்ளயே இருக்கு. அதே மஸ்டாங்கோட கன்வெர்டிபிள்ல ராக்கருக்குள்ள கூடுதல் தகடு, தரையில கூடுதல் பலம்னு ஃபாக்டரியிலேயே வெச்சாங்க. வெளிநாட்டுக்குப் போற வண்டிகளுக்கு எஞ்சின் அறையில ஒரே துண்டா ஒரு எக்ஸ்போர்ட் பிரேஸ். 1965ல கரோல் ஷெல்பி தன்னோட ஜிடி350க்கு அந்த பிரேஸையும், ரெண்டு பக்கத்தையும் குறுக்கே கோர்க்கிற மான்டி கார்லோ பாரையும் சேர்த்துப் போட்டார். ஆக, கூரை இருக்கிற சாதாரண வண்டி, ஆபீஸ் போயிட்டு வர்றவர், 2,368 டாலர்: அந்தக் கணக்குக்கு நடு இடைவெளி போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. இதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். எம்விபி அனுப்பின எந்த டெவலப்பருக்கும் அந்த மீட்டிங் எப்படிப் போயிருக்கும்னு தெரியும்.

போட்டிக்கு வந்த 1967 செவ்ரோலே கமாரோ இன்னும் சுவாரஸ்யம். அதுல முன்னாடி நிஜமாவே ஒரு தனி சப்ஃபிரேம், உடலோட ரப்பர் புஷ் வெச்சு போல்ட் போட்டது. பின்னாடி யூனிபாடி. கன்வெர்டிபிள் மாடல் ரொம்ப நடுங்குச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் என்ன பண்ணாங்க தெரியுமா? நாலு மூலையிலயும் டப்பாக்குள்ள ஸ்பிரிங்ல ஆடுற எடையை வெச்சாங்க, நடுக்கத்தை எதிர் ஆட்டத்தால அடக்க. காக்டெயில் ஷேக்கர்னு செல்லப் பேர். எனக்கு இந்தத் தீர்வைப் பார்த்தா சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்.

உண்மையான சோதனை ஃபாக்ஸ் பிளாட்ஃபார்ம்ல வந்துச்சு. 1978ல ஃபேர்மான்ட்ங்கிற குடும்பக் காருக்காக வந்த அடித்தளம். பெட்ரோல் நெருக்கடி காலம், அதனால எடை குறைவா இருக்கணும்ங்கிறதுதான் முதல் விதி. 1979ல இருந்து 1993 வரைக்கும் மஸ்டாங் அதுமேலதான் ஓடுச்சு. 1980ல அதோட வி8 கொடுத்தது 119 ஹார்ஸ்பவர். 1982ல 157. 1987ல 225. எஞ்சின் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு, அடித்தளம் அதே சிக்கனக் குடும்பத்தோடதுதான். டிராக் ரேஸ் ஓட்டுறவங்க அகல டயர் போட்டு கிளட்சை விட்டப்போ, பின் ஆக்ஸிலோட கை உடலோட சேர்ற டார்க் பாக்ஸ் தகடே கிழிய ஆரம்பிச்சது. பின் பக்க பேனல்ல சுருக்கம் விழுந்தது. ஜாக்கி போட்டா கதவு திறக்காது. கம்பெனி விட்ட இடத்தை ஓனர்கள் தங்கள் காசுல, ரெண்டு பாக்ஸ் பைப்பால நிரப்ப ஆரம்பிச்சாங்க.

எந்த கனெக்டர் வாங்குறது? இங்க நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. தனியா நிக்கிற ரெண்டு பைப், வண்டி நடுவுல தொய்யுறதைத் தடுக்கும். முறுக்கை அவ்வளவா தடுக்காது. ஏணியை ரெண்டு முனையில பிடிச்சு முறுக்கினா முறுங்கும் இல்லையா, அது மாதிரி. அதனால நீளம் முழுக்கத் தரைத் தகடோட ஒட்டி, சீட் போல்ட் இடத்தோடயும் குறுக்கே பிணைக்கிற மாடல்தான் காசுக்கு மதிப்பு. போல்ட் போடுற மாடல் சுலபம்தான், ஆனா ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் நடுவுல இருக்கிற மயிரிழை இடமே நாளடைவுல நழுவும். என் ஓட்டு வெல்டிங்குக்கு. பைப் உயரம் கூடினா விறைப்பு வேகமா கூடும், ஆனா ஸ்பீடு பிரேக்கர்ல உரசும், சைலன்சர் பைப்புக்கும் இடம் வேணும். கமாரோன்னா ரப்பர் புஷ்ஷையும் சாலிட் புஷ்ஷா மாத்தணும். இல்லன்னா சப்ஃபிரேம் ரப்பர்ல அசைய, அந்த அசைவு முழுக்க உங்க புது வெல்டு மேல விழும்.

இன்னொண்ணு, துரு. தரைத் தகடு துருப்பிடிச்சிருந்தா முதல்ல அதை வெட்டி மாத்துங்க. மக்கின தகடுல புது இரும்பை ஒட்டினா, ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல கிழியும்.

இப்போ அண்ணனோட கதவு. அந்த ஒர்க்‌ஷாப்ல வண்டியை ரெண்டு தூண் லிஃப்ட்ல, நடு உடம்பைப் பிடிச்சுத் தூக்கி வெச்சு வெல்டு பண்ணியிருக்காங்க. சக்கரம் நாலும் அந்தரத்துல. கூரையில்லாத வண்டி, முன்னாடி எஞ்சின் பாரம் கீழ இழுக்குது, பின்னாடி ஆக்ஸில் இழுக்குது. உடம்பு நடுவுல மேடு கட்டி வளைஞ்சு, கதவு வாசல் மேல்பக்கம் விரிஞ்சுடுச்சு. அந்த நிலையில கனெக்டரை ஒட்டினா? வளைவையே பூட்டி வெச்ச மாதிரி. இறக்கின பிறகும் உடம்பு பழைய நிலைக்கு முழுசா வரல, கதவோட நாக்கு அதோட இடத்துல உட்காரல. கனெக்டர் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு.

திரும்ப வேற இடத்துல செஞ்சாங்க. நான் கூட இருந்து பார்த்தேன். பழைய வெல்டைக் கிரைண்டர் போட்டு அறுத்தாங்க. நாலு சக்கரமும் டிரைவ் ஆன் லிஃப்ட்ல நின்னுச்சு, வண்டி ரோட்டுல நிக்கிற அதே பாரம். ரெண்டு கதவையும் மூடி, இடைவெளியை மேலயும் கீழயும் அளந்து சாக்பீஸ்ல எழுதினாங்க. பேட்டரி கழட்டியாச்சு, பெட்ரோல் லைன் எங்க ஓடுதுன்னு பார்த்தாச்சு, உள்ள கார்ப்பெட்டைச் சுருட்டியாச்சு. தகடுக்கு மேல தீப்பொறி விழுந்தா கார்ப்பெட்தான் முதல்ல பத்தும், அதனால தீயணைப்பு சிலிண்டரோட உள்ள உட்கார்ந்தது நான். பெயின்டை இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டி, ஒரு இன்ச் இடது பக்கம், ஒரு இன்ச் வலது பக்கம்னு மாத்தி மாத்தி வெல்டு. ஒரே இழுப்புல போட்டா சூட்டுல தகடு கோணும். நடுநடுவுல கதவைத் திறந்து மூடிப் பார்த்தாங்க. கடைசியா பிரைமர். ஒரு முழுச் சனிக்கிழமை போச்சு.

சாயங்காலம் அண்ணன் கதவை ஒரு விரல்ல தள்ளினார். "டக்"குன்னு மூடுச்சு.

ஃபோர்டும் ஒரு வழியா வந்து சேர்ந்தாங்க. 1999 மாடல் மஸ்டாங் கன்வெர்டிபிள்ல சப்ஃபிரேம் கனெக்டர் ஃபாக்டரியிலேயே போட்டு வந்துச்சு. அதை நான் சொன்னப்போ அண்ணன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அதுக்கு என் ரெண்டாவது வெல்டிங் பில்லை அனுப்பலாமாடா?"