தொடக்கநிலை இயற்கணிதம் (அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில்)

கல்லூரிக் கணிதத்துக்குப் போதிய ஆயத்தமில்லாமல் வரும் மாணவர்களுக்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகள் நடத்திவரும் அடிப்படைப் பாடம் இது. குறை எண்கள், ஒருபடிச் சமன்பாடுகள், நேர்கோட்டு வரைபடங்கள், அடுக்குகள், பல்லுறுப்புக் கோவைகள், காரணிப்படுத்துதல், எளிய இருபடிச் சமன்பாடுகள் ஆகியவை இதில் அடங்கும். உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு நடத்துவதை இங்கே ஏறத்தாழ 15 வாரங்களில் முடிக்க வேண்டும். படிப்பவர்களில் பலர் அதே பாடத்தைப் பள்ளியில் ஒருமுறை கடந்து வந்தவர்கள். பாடத்துக்குக் கட்டணம் உண்டு. ஆனால் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது இதன் கிரெடிட் செல்லாது.

ஆயத்தமில்லாத மாணவர் என்ற சிக்கல் சமுதாயக் கல்லூரிகளைவிடப் பழையது. ஹார்வர்டு கல்லூரி 1820-இல் இயற்கணிதத்தைச் சேர்க்கைக்கான தகுதியாக்கியது. அதுவரை கணிதத்தில் எண்கணிதம் தெரிந்தால் போதுமானதாக இருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1849-இல் ஆயத்தப் பிரிவு ஒன்றோடுதான் கதவைத் திறந்தது. இன்றும் இயங்கும் பொதுத்துறை இரண்டாண்டுக் கல்லூரிகளுள் மூத்ததான ஜோலியட் ஜூனியர் கல்லூரி இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கியது. போரிலிருந்து திரும்பியோருக்கான 1944-ஆம் ஆண்டுச் சட்டமும், ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரைப் பரப்பிய அதிபர் ட்ரூமன் அமைத்த குழுவின் 1947-ஆம் ஆண்டு அறிக்கையும் இக்கல்லூரிகளைப் பெருக்கின.

பாடத்தின் இன்றைய வடிவம் 1960-களில் உருவானது. பள்ளிச் சான்றிதழ் உள்ள எவரையும் சேர்த்துக்கொள்ளும் திறந்த கதவுக் கொள்கை பரவியதும், சேர்ந்தவர்களை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்ற கேள்வி எழுந்தது. மாணவரின் எதிர்பார்ப்பை நோகாமல் தணித்து வேறு பாதைக்குத் திருப்புவதே இக்கல்லூரிகளின் மறைமுகப் பணி என்று சமூகவியலர் பர்ட்டன் கிளார்க் 1960-இல் வாதிட்டார். இத்தகைய வகுப்புகள் மாணவரை மீட்கின்றனவா, திருப்பிவிடுகின்றனவா, வெறுமனே காவலில் வைக்கின்றனவா என்று ஜான் ரௌஷ் 1968-இல் தம் நூலின் தலைப்பிலேயே கேட்டார். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் திறந்த சேர்க்கைக்கு மாறியது. இரண்டாண்டுக் கல்லூரிக் கணித ஆசிரியர்களின் தேசியச் சங்கம் 1974-இல் அமைந்தது.

அடுத்த பல ஆண்டுகளைப் பாடநூல்கள் ஆண்டன என்றால் மிகையாகாது. மார்வின் பிட்டிங்கர், மார்கரெட் லயல், எலைன் மார்ட்டின்-கே ஆகியோரின் நூல்கள் பதிப்புக்குப் பின் பதிப்பாக வெளிவந்தன. அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே: கட்டத்துக்குள் விதி, தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டு, பக்க ஓரத்தில் உடனே செய்து பார்க்க ஒரு கணக்கு, பிரிவின் முடிவில் பத்துப் பத்தாக அடுக்கிய பயிற்சிகள், ஒற்றைப்படை எண்ணுள்ளவற்றுக்கு மட்டும் நூலின் கடைசியில் விடை. வகுப்பும் அதே ஒழுங்கில் நடந்தது. விதியைத் துண்டு துண்டாக்கி மனப்பயிற்சி செய்விக்கும் இம்முறையை நார்ட்டன் கிரப் பின்னாளில் கலிபோர்னியக் கல்லூரிகளை ஆராய்ந்து கடுமையாக விமர்சித்தார். வகுப்புகளில் பெரும்பகுதியைக் குறைந்த ஊதியத்தில் பகுதிநேர ஆசிரியர்களே எடுத்தனர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்பாடம் தனியாக நிற்கவில்லை. எண்கணிதம், இயற்கணித முன்பாடம், தொடக்கநிலை இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்ற நான்கு படிகளுக்குப் பிறகே கல்லூரிக் கணிதம் வந்தது. அக்யூபிளேசர், காம்பஸ் போன்ற கணினித் தேர்வுகள் சில பத்து நிமிடங்களில் மாணவரின் படியை முடிவு செய்தன. ஒவ்வொரு படியிலும் 100-க்கு 75 பேர் தேறி அடுத்ததற்குப் போனாலும், நான்கு படி முடியும்போது மிஞ்சுவோர் சுமார் 32 பேரே. வகுப்பறைக்குள் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் இந்தப் பெருக்கல் கணக்கு மாறாது.

2004-இல் தொடங்கிய ‘அச்சீவிங் த ட்ரீம்’ திட்டம் கல்லூரிகளின் பதிவேடுகளை ஒன்றுதிரட்டிய பிறகுதான் இந்த இழப்பின் அளவு தெரியவந்தது. தாமஸ் பெய்லியும் உடனாய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அடிப்படைக் கணித வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தமக்குரிய படிகளை முடித்திருந்தார். முதல் கல்லூரிக் கணிதத்தில் தேறியவர் ஐந்தில் ஒருவர். விலகியவர்களில் பலர் எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை. அனுப்பிய வகுப்பில் சேரவே இல்லை, அல்லது ஒன்றில் தேறி அடுத்ததற்கு வரவில்லை. தேர்வு மாணவரைச் சரியான படியில் வைத்ததா என்பதும் ஐயத்துக்குள்ளானது. மாணவரின் பள்ளி மதிப்பெண் சராசரியே மேலான அளவுகோல் என்று ஜூடித் ஸ்காட்-கிளேட்டனின் 2012-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. காம்பஸ் தேர்வு 2016-இல் நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டுகளில் ஜேம்ஸ் ஸ்டிக்லர், கேரன் கிவ்வின், பெலிண்டா தாம்ப்சன் மூவரும் வேறொரு கேள்வியை எடுத்தனர்: இந்த மாணவர்களுக்கு என்னதான் புரிந்திருக்கிறது? ஒரு நேர் முழு எண்ணை 5-ஆல் வகுத்தால் விடை பெரிதா, 8-ஆல் வகுத்தால் பெரிதா என்று கேட்டதற்குச் சரியாகச் சொன்னவர் பாதிக்குச் சற்றே கூடுதல். நேர்காணல்கள் இன்னும் நுட்பமானவை. 462-உடன் 253-ஐக் கூட்டினால் 715 என்பதைச் சரிபார்க்கச் சொன்னபோது ஒரு மாணவர் 715-இலிருந்து 253-ஐக் கழித்துக் காட்டினார். 462-ஐக் கழித்தும் பார்க்கலாமா என்றதும் அவருக்குத் தயக்கம். இரண்டாவது எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று அவருக்குக் கற்பித்திருந்தார்கள். சோம்பலால் வந்த பிழையன்று இது. விதியை நம்பி, அதன் காரணத்தை ஒருபோதும் கேட்கத் தேவைப்படாதவரின் பிழை.

தொடக்கநிலை இயற்கணித ஆசிரியர்கள் நன்கறிந்த பிழைகள் பலவும் இவ்வகையே. இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தச் சொன்னால் தனித்தனி வர்க்கங்களை மட்டும் கூட்டி, நடுவில் வரவேண்டிய இருமடங்குப் பெருக்கற்பலனை விட்டுவிடுவார்கள். பெருக்கலுக்குச் செல்லும் விதியைக் கூட்டலுக்கும் நீட்டியதன் விளைவு அது. பின்னத்தின் மேலும் கீழும் ஒரே எழுத்தைக் கண்டால், இடையே கூட்டல் குறி இருந்தாலும் அடித்துவிடுவதும் அப்படித்தான். சமக்குறியை ‘இங்கே விடை எழுது’ என்ற கட்டளையாகப் படிக்கும் பழக்கத்தை கரோலின் கீரன் 1981-லேயே சுட்டியிருந்தார். இருபுறமும் மாறி இருக்கும் சமன்பாடு வந்ததும் அந்தப் பழக்கம் கைகொடுக்காமல் போகிறது. மீண்டும் அதே விதிகளை வேகமாகச் சொல்வது இதற்கு மருந்தாகாது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய மாறுபாடு இல்லை.

பாடத்தால் பயன் உண்டா என்பதில் மாறுபாடு உண்டு. தேர்வின் வெட்டு மதிப்பெண்ணுக்குச் சற்று மேலும் கீழும் இருந்த மாணவர்களை ஒப்பிட்ட டெக்சாஸ், புளோரிடா ஆய்வுகள் குறிப்பிடத்தக்க பயனைக் காணவில்லை. ஒஹையோவில் எரிக் பெட்டிங்கரும் பிரிட்ஜெட் டெர்ரி லாங்கும் செய்த ஆய்வு, இவ்வகுப்புகளில் படித்தோர் கல்லூரியில் நீடிக்கும் வாய்ப்பு கூடுவதாகச் சொன்னது. முந்தைய வகை ஆய்வு வெட்டு மதிப்பெண்ணின் அருகிலிருப்பவர்களைப் பற்றியே பேசும். பின்னத்திலேயே தடுமாறும் மாணவருக்கு அதன் முடிவு பொருந்துமா என்பது வேறு கேள்வி.

சீர்திருத்தங்கள் பல திசைகளில் சென்றன. விரிவுரையை நீக்கி, கணினிக் கூடத்தில் மாணவர் தம் வேகத்தில் கணக்குப் போடும் ‘எம்போரியம்’ முறை 1997-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிச் சமுதாயக் கல்லூரிகளுக்கும் வந்தது. கலிபோர்னியாவின் லாஸ் மெடானோஸ் கல்லூரியில் மைரா ஸ்னெல் 2009-இல், புள்ளியியல் படிக்கப்போகிறவர்களுக்கு இயற்கணிதப் படிகளுக்குப் பதில் ஒரே ஆயத்தப் பாடத்தை அமைத்தார். கார்னகி அறக்கட்டளையின் ஸ்டாட்வே, குவான்ட்வே பாடங்களும், டெக்சாஸில் யூரி ட்ரைஸ்மன் முன்னின்ற டேனா மையத்தின் திட்டமும் இதே வழியில் வந்தவை.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சோதனை இவற்றுள் அதிகம் பேசப்படுவது. தொடக்கநிலை இயற்கணிதம் தேவை என்று கணிக்கப்பட்ட சுமார் 900 மாணவர்களை 2013-இல் மூன்று குழுக்களாக வாய்ப்பு முறையில் பிரித்தார்கள். இயற்கணிதம் மட்டும் படித்தவர்களில் 39 விழுக்காட்டினர் தேறினர். கூடவே பயிற்சிப் பட்டறையும் பெற்றவர்களில் 45. பட்டறையுடன் நேரடியாகக் கல்லூரிப் புள்ளியியல் படித்தவர்களில் 56. இரண்டு வெவ்வேறு பாடங்களின் தேர்ச்சியை ஒப்பிடலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் பின்னாளில் பட்டம் பெற்றவர்களும் புள்ளியியல் குழுவிலேயே அதிகம்.

இதோடு ஒரு கொள்கைச் சண்டையும் மூண்டது. பெரும்பாலோருக்கு இயற்கணிதம் தேவையா என்று ஆண்ட்ரூ ஹேக்கர் 2012-இல் எழுப்பிய கேள்வி பெரும் விவாதமானது. மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடி, 1980-களில் இயற்கணிதத் திட்டத்தைத் தொடங்கிய ராபர்ட் மோசஸோ இயற்கணிதம் கற்பதை ஒரு குடிமை உரிமையாகவே கருதினார். இரண்டு தரப்பும் பேசியது ஏறத்தாழ அதே ஏழை மாணவர்களுக்காகத்தான்.

மாநிலங்கள் இந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்கவில்லை. புளோரிடா 2013-இல் இவ்வகுப்புகளைப் பெரும்பாலோருக்கு விருப்பப் பாடமாக்கியது. டென்னசி 2015 முதல் கல்லூரிப் பாடத்தோடு துணை வகுப்பை இணைத்தது. மாணவர்களை நேரடியாகக் கல்லூரிக் கணிதத்தில் சேர்க்க வலியுறுத்திய கலிபோர்னியாவின் ஏபி 705 சட்டம் 2017-இல் கையெழுத்தானது. சான்டா ஆனா கல்லூரி ஆசிரியர்கள் எழுதிய இலவசத் தொடக்கநிலை இயற்கணித நூலை ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 2022-இல் ஏபி 1705 சட்டம் ஏபி 705-இன் விதிகளை மேலும் இறுக்கியது. நேரடியாகக் கல்லூரிக் கணிதத்தில் சேர்ந்து முதலாண்டிலேயே தேறுவோர் தொகை கலிபோர்னியாவில் கூடியுள்ளது. தோற்பவர்களின் தொகையும் கூடியிருப்பதை ஆசிரியர் பலர் சுட்டுகின்றனர். அம்மாநிலக் கல்லூரிகள் பலவற்றின் பாடப்பட்டியலில் தொடக்கநிலை இயற்கணிதம் இப்போது தனிப் பாடமாக இல்லை.