மனிதநேயம் ஒரு மதமா? வடசென்னைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

நம் முன்னோர் இஸ்லாத்தைத் தமிழில் சுட்ட நேர்ந்தபோது, 'மதம்' என்பதைவிட 'மார்க்கம்' என்னும் சொல்லையே பெரிதும் விரும்பி ஆண்டனர். மதம் என்றால் கொள்கை, கருத்து. மார்க்கம் என்றால் நடக்கும் வழி. அரபு மொழியின் 'தீன்' என்னும் சொல்லோ இவ்விரண்டினும் விரிந்த பொருளுடையது. கடன் என்று பொருள்படும் 'தைன்' அதே வேரிலிருந்து பிறந்தது. தீர்ப்பு நாளை 'யவ்முத்தீன்' என்கிறோம். செய்தவற்றுக்கு இறைவனிடம் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்னும் உணர்வு இச்சொல்லுக்குள்ளேயே உறைந்திருக்கிறது. மனிதநேயத்தை ஒரு மதமாகக் கொள்ளலாமா என்று இன்று பலரும் எழுப்பும் வினாவை, இச்சொற்களை மனத்தில் இருத்திக்கொண்டு ஆராய்வது நலம் பயக்கும்.

வினா புதியதன்று. பிரான்சு நாட்டு ஓகுஸ்த் கோம்த் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், மனிதகுலத்தையே போற்றுதற்குரிய பொருளாகக் கொண்ட ஒரு மதத்தை, விழாக்களும் குருமாரும் உட்பட வகுத்துக் காட்டினார். 1933இல் அமெரிக்காவில் 34 பேர் கையொப்பமிட்டு வெளியிட்ட மனிதநேய அறிக்கை, தன்னைச் சமயத் தன்மை கொண்டதாகவே முன்வைத்தது. 1961இல் டொர்காசோ வழக்கில், அரசுப் பதவி ஏற்பவரிடம் இறைநம்பிக்கையை உறுதிமொழியாகக் கேட்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறைவன் இருப்பதை அடிப்படையாகப் போதிக்காத மதங்களுக்கு எடுத்துக்காட்டாக, பௌத்தத்தோடு மதச்சார்பற்ற மனிதநேயத்தையும் அத்தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்துக்கொண்டது.

நம் நாட்டில் இதற்கான சட்ட அளவுகோல், சென்னை மாநிலத்தின் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து எழுந்த வழக்கிலேயே உருவாயிற்று. 1954இல் சிரூர் மடத்து வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் கடவுட்கொள்கை உடையதாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்றது. பௌத்தமும் சமணமும் அதற்குச் சான்று. ஆயினும் ஆன்ம நலனுக்கு உகந்தது எனப் பின்பற்றுவோர் கருதும் கோட்பாட்டுத் தொகுதி ஒன்று மதத்துக்கு வேண்டும் என்று அது வரையறுத்தது. 1982இல் ஆரோவில் தொடர்பான வழக்கில், அரவிந்தரின் போதனை ஒரு தத்துவமே, மதமன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். சட்டம் இவ்வாறு கோடு கிழிக்கிறது. மக்கள் வாழ்வில் அக்கோடு எங்கே விழுகிறது என்பதை அறிய, இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரை நமக்குத் துணை செய்யும்.

தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், துறவு பூண்டு ஊர் ஊராய் அலைந்து, இறுதியில் இராயபுரத்தில் தங்கினார். 1838இல் மறைந்த அவர் அங்கேயே அடக்கமாகியுள்ளார். குணங்குடி மஸ்தான் சாகிபு என நாம் போற்றும் ஞானி இவரே. தொண்டியார் என மக்கள் இவரை அழைத்ததாலேயே அப்பகுதி தண்டையார்ப்பேட்டை ஆயிற்று என்பது செவிவழி வழக்கு. இவருடைய மாணவரான ஐயாசாமி முதலியார் இவர்மீது பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். வீரசைவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். இவ்வன்பர்கள் தம் சமயத்தைத் துறக்கவில்லை. மஸ்தானும் தம் வழியைத் தளர்த்திக்கொள்ளவில்லை. முகியித்தீன் ஆண்டகையைக் குருவாகக் கொண்டு பாடிய காதிரிய்யா நெறியினராகவே வாழ்ந்தார். இருசாராருக்கும் பொதுவான மூன்றாவது மதம் ஒன்றை எவரும் அங்கே நிறுவவில்லை. அதற்கான தேவையும் எழவில்லை.

மஸ்தான் மறைந்த வேளையில், அங்கிருந்து தொலைவில்லாத ஏழுகிணற்றுப் பகுதியில், பதினைந்து வயதை ஒட்டிய இளைஞர் ஒருவர் வளர்ந்துகொண்டிருந்தார். 1823இல் மருதூரில் பிறந்து, குடும்பத்தோடு சென்னைக்கு வந்த இராமலிங்கர் அவர். திருவொற்றியூர்க் கோயிலுக்குச் சென்று வழிபடுவது அவர் வழக்கம். வடிவுடை மாணிக்க மாலை அக்கோயிலின் அம்மன்மீது அவர் பாடியது. சைவப் பக்தராக இக்கரையில் தொடங்கிய அவர், சென்னையை நீங்கிய பின்னர் படிப்படியாகச் சமயங்களைக் கடந்த நிலைக்கு நகர்ந்தார். 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கிச் சாதி, சமயம் பாராது பசித்தவர்க்கு உணவளித்தார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகிறது. 1872இல் சத்திய ஞானசபையைத் திறந்தார். 1873இல் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், சைவம் உள்ளிட்ட சமயங்களில் பற்று வைக்க வேண்டாம் என்று தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். மேனாட்டார் கூறும் மனிதநேயம் இதுவன்று. வள்ளலார் ஒரே இறைவனை ஒளிவடிவில் உணர்ந்தவர். அவருடைய இரக்கம் எல்லா உயிர்களையும் தழுவியது. ஆனால் பசித்தவனுக்கு உணவிடுவதைச் சடங்குகளுக்கெல்லாம் மேலாக வைத்தவர் என்ற வகையில், தமிழகத்தில் நம் வினாவுக்கு மிக அண்மையில் நிற்பவர் அவரே. தம் நெறிக்கு அவரும் மதம் என்று பெயரிடவில்லை. மார்க்கம் என்றே பெயரிட்டார்.

அவர் விட்டுச்சென்றதன் பின்வரலாறு நாம் கருத்தூன்ற வேண்டியது. ஞானசபையில் விளக்கேற்றுவோர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என விதித்திருந்தார். குருக்கள் மரபு ஒன்று அங்கே வேரூன்றிவிடக் கூடாது என்பதே அதன் உட்கருத்து எனலாம். காலப்போக்கில் அங்கே குருக்கள் வந்தனர்; லிங்க வழிபாடும் நுழைந்தது. அவர் நிறுவிய நிலையங்கள் இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகைக்குள் வந்தன. சன்மார்க்க அன்பர்கள் முறையிட்டதன்பேரில், அவ்வழிபாடு வள்ளலாரின் நெறிக்கு முரணானது என 2006இல் அத்துறையே ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு அதனை உறுதிசெய்தார். மதம் வேண்டாம் என்றவரின் சொல்லைக் காக்கவே, மதத்துக்கென அமைந்த துறையும் சட்டமும் தேவைப்பட்டன. சபையும் சொத்தும் விளக்கும் சேர்ந்தால் மதத்தின் நோய்கள் தாமே வந்து குடியேறுகின்றன. மனிதநேயத்தை ஒரு மதமாக நிறுவ முனைவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வள்ளலாரின் பாடல்கள் அருட்பா அல்ல, மருட்பா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1869இல் எதிர்த்தார். அப்பூசல் அடுத்த நூற்றாண்டிலும் நீடித்தது. அப்போது அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவர்களுள் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரும் (1874-1950) ஒருவர். சைவருக்குள் நடந்த வழக்கில் ஒரு முஸ்லிம் புலவர் நியாயத்துக்காகக் குரல் கொடுத்தார். அதற்காக அவர் தம் கலிமாவில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படியாயின், மதமின்றியே மனித ஒற்றுமை நிலைக்கும் எனக் கொள்ளலாமா? வடசென்னையின் ஆலைத் தொழிலாளர் வரலாறு நம்மைத் தயங்கச் செய்கிறது. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்கு வித்திட்ட செல்வபதி செட்டியார், ஆன்மிகச் சொற்பொழிவுகள் நடந்த சபை ஒன்றை நடத்தியவர். தலைமையேற்ற வாடியா ஒரு பார்சி. இந்துக்களும் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் ஒரே சங்கத்தில் அணிவகுத்தனர். மூன்றாண்டுகளில் அவ்வொற்றுமை சிதைந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறமும், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர் மறுபுறமுமாகப் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அன்று நம்மவரும் ஒரு தரப்பில் நின்றனர் என்பதை நாம் மறைக்கலாகாது. கூலிக்காக ஒன்றுபட்டவர்களை, எரியும் குடிசையின் முன் ஒன்றாக நிறுத்தும் வலிமை அச்சங்கத்துக்கு இல்லை. மார்க்கம் உடைய நாமும் அன்று அவ்வலிமையைக் காட்டவில்லை.

இவ்விரு வரலாறுகளுக்கும் இடையே நமக்கு வழிகாட்டுவது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று. சரக்கை விற்றுவிட்டு விலை பெறாமல் ஏமாற்றப்பட்ட யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவில் நீதி கேட்டு நின்றார். குறைஷிக் குலத்தாருள் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, அநீதிக்கு உள்ளானவர் எவராயினும் அவருக்குத் துணைநிற்போம் என உறுதி பூண்டனர். ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் உடன்படிக்கை அது. நபித்துவத்துக்கு முன்பு நிகழ்ந்த அதில் நபியவர்கள் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய ஒன்றுக்குத் தம்மை அழைத்தால் இசைவேன் என்று கூறினார்கள். சிலை வணங்கியோர் கூடிச் செய்த அந்த உடன்படிக்கையை அவர்கள் மார்க்கமாக ஏற்கவில்லை, ஒதுக்கவும் இல்லை. ஆதமின் மக்கள் அனைவரையும் கண்ணியப்படுத்தியதாக இறைமறை (17:70) அறிவிப்பதும் இக்கருத்துக்கு அரணாகிறது.

ஆகவே நம் விடை இது: மனிதநேயம் மதமன்று, அது ஓர் உடன்படிக்கை. யாரிடம் கணக்குக் கொடுப்பது என்னும் வினாவுக்கு அதனிடம் விடையில்லை என்பதால் அது தீன் ஆகாது. அவ்விடையை உடைய நாமோ, உடன்படிக்கையில் பிறரைவிடக் கூடுதலாகக் கட்டுப்பட்டவர்கள்.

2017 ஜனவரி 28இல் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் கடலோரக் காவல் படையினரோடு நின்று, கெட்டித்த எண்ணெய்க் கசடை வாளி வாளியாக அள்ளினர். வரிசையில் அடுத்து நின்றவரின் மதத்தை எவரும் கேட்டிருக்கமாட்டார். வாளியைக் கைமாற்றியோர் தத்தம் இறைவனை நினைந்தே அள்ளியிருக்கலாம், நினையாமலும் அள்ளியிருக்கலாம். அந்த வரிசையில் நம் இடம் காலியாக இருந்துவிடக் கூடாது என்பதே நம் கவலையாக இருக்க வேண்டும்.