போரோஐதரைட்டும் போர்க்கால மறைவும்

இலிதியம் அலுமினியம் ஐதரைட்டுப் பற்றிய முதற் கட்டுரை 1947 இல் வெளிவந்தது. சோடியம் போரோஐதரைட்டின் தயாரிப்பு முறைகளோ 1953 வரை விரிவாக வெளியிடப்படவில்லை. இவ்வாண்டுகளை மட்டும் நோக்குவோர் முன்னதிலிருந்தே பின்னது தோன்றிற்றெனக் கருதக்கூடும். உண்மை இதற்கு மாறானது என்பதையே ஈண்டுக் காட்ட விழைகின்றோம்.

சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் எச். ஐ. சிலெசிங்கர் போரன் ஐதரைட்டுக்களை ஆராய்ந்து வந்தார். அவர் மாணாக்கரான எச். சி. பிறவுண், 1936 இல் பட்டம் பெற்றபோது பரிசாகக் கிடைத்த நூலொன்றினால் இத்துறைக்கு ஈர்க்கப்பட்டவர். பரிசளித்தவர் பின்னர் அவர் மனைவியானவர். புத்தகசாலையிலிருந்த இரசாயன நூல்களுள் விலை குறைந்தது அதுவே என்பது பிறவுண் தரும் விளக்கம்! டைபோரேன் அலிடிகைட்டுக்களையும் கீற்றோன்களையும் எளிதில் தாழ்த்துமென இவர்கள் 1939 இல் வெளியிட்டனர். டைபோரேன் கிடைத்தற்கு அரிதாயிருந்தமையின் சேதனவிரசாயனர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1940 இல், எளிதில் ஆவியாகும் யுரேனியச் சேர்வைகளைத் தேடும் பணி சிலெசிங்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. யுரேனியம் போரோஐதரைட்டை ஆக்க முயன்றபோதே சோடியம் போரோஐதரைட்டும் பிறந்தது. ஆயின் யுரேனியம் அறுபுளோரைட்டைக் கையாளும் இடர்கள் தீர்ந்துவிடவே, அம்முயற்சி வேண்டாததாயிற்று. ஆய்வுக்குழு கலையும் நிலையில், போர்க்களத்தில் ஐதரசன் வாயுவைப் பெறுவதற்கு அமெரிக்கப் படையின் சமிக்ஞைப் பிரிவு சோடியம் போரோஐதரைட்டை நாடியது. அதற்கு மலிவான தயாரிப்பு முறை வேண்டியிருந்தது. சோடியம் ஐதரைட்டுடன் மெதைல் போரேற்றை 250 பாகை செல்சியசில் தாக்கமுறச் செய்தபோது விரும்பிய பொருள் சோடியம் மெதொட்சைட்டுடன் கலந்து கிடைத்தது. இரண்டையும் பிரித்தற்குக் கரைப்பான் தேடி அசற்றோனைச் சேர்த்தனர். வெப்பத்துடன் தாக்கம் மூண்டது, போரோஐதரைட்டு மறைந்தது, நீர் சேர்த்தபின் ஐசோபுரோப்பைல் அற்ககோலே எஞ்சிற்று.

இதனைத் தற்செயல் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1939 இன் அனுபவம் இல்லாதார்க்கு இது உதவாக் கரைப்பானொன்றின் குறையாகவே தோன்றியிருக்கும்.

பின்னரே இலிதியம் ஐதரைட்டையும் அலுமினியம் குளோரைட்டையும் ஈதரிற் சேர்த்து, இலிதியம் அலுமினியம் ஐதரைட்டை ஆக்கினர். எசுத்தர்களையும் காபொட்சிலிக்கமிலங்களையும் தாழ்த்தும் வலிமை அதற்குண்டு. நீருடன் அது கடுமையாகத் தாக்கமுறும். போரோஐதரைட்டோ வலிமை குறைந்ததெனினும் நீரிலும் பயன்படுவது. போர் முடிந்தபின் கண்ட இளையது உடனே வெளிவர, போர்க்கால இரகசியத்துட்பட்ட மூத்தது காத்திருந்தது. அதன் தாழ்த்தும் இயல்பு 1949 இல் வேறொரு கட்டுரை வாயிலாகவே சேதனவிரசாயனரை எட்டிற்று.

பிறவுண் 1979 இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, சிலெசிங்கர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.