வீட்டுத் தோட்டத்துக்கு மண்வெட்டி வாங்கப் போறீங்களா? கடையில் பார்க்க வேண்டியது என்ன, தோண்டும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்கு முன்பு வீட்டைச் சுற்றி வேலைகள் வரிசை கட்டி நிற்கும். தண்ணீர் தேங்காமல் ஓட வாய்க்கால் வெட்டணும், முருங்கைக்கோ தென்னைக்கோ குழி எடுக்கணும், சுவரோரம் மண்டிக் கிடக்கும் புல்லைச் செதுக்கணும். ஒரு நாள் வேலைக்கு ஆள் கிடைப்பது இப்போதெல்லாம் குதிரைக் கொம்பு. அதனால் ‘நாமளே பார்த்துக்கலாம்’ என்று மண்வெட்டி வாங்க இறங்குபவர்கள் பலர். ஆனால் தப்பான மண்வெட்டி இரண்டே நாளில் இடுப்பைப் பிடித்துவிடும். தப்பான இடத்தில் போட்ட ஒரு வெட்டு உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். என்ன பார்த்து வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது? பார்க்கலாம்.

ஸ்பேட் வாங்கலாமா, மண்வெட்டி வாங்கலாமா?

ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது நீளக் காம்பு வைத்த ஸ்பேட். தகடு நேராக இருக்கும். காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்க வேண்டும். கல் இல்லாத, ஈரமான, பொலபொலவென்ற மண்ணுக்கு அது சரி. வெயிலில் இறுகிப்போன செம்மண்ணிலும் சரளையிலும் மிதிக்க மிதிக்க உள்ளங்கால்தான் வலிக்கும். செருப்புக் காலோடு மிதிப்பது அதைவிட மோசம்.

மண்வெட்டி வேறு மாதிரி. தூக்கிப் போட்டால் அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். வெட்டிய மண்ணை அப்படியே நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் மம்பட்டி, மம்மட்டி என்று பெயர் மாறும். இந்தப் பெயரே ‘மமூட்டி’ என்று திரிந்து ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. வட இந்தியாவில் ஃபாவ்டா. தமிழ்நாட்டு மண்ணுக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், யோசிக்காமல் மண்வெட்டியை வாங்கலாம். மண் ரொம்பக் கெட்டி என்றால் கூடவே ஒரு கடப்பாரை.

கடையில் என்ன பார்க்கணும்?

முதலில் பார்க்க வேண்டியது காம்பு மாட்டும் வளையத்தை. நல்ல மண்வெட்டியில் வளையமும் தகடும் ஒரே இரும்பிலிருந்து அடித்து எடுக்கப்பட்டிருக்கும். மலிவானவற்றில் தகட்டைத் தனியாக வெட்டி, வளையத்தை வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். மேலே பெயின்ட் அடித்திருப்பதால் சட்டென்று தெரியாது. வளையத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். மேடாக ஒரு தழும்பு தட்டுப்பட்டால் அது வெல்டிங். கல்லில் ஓங்கி அடித்தால் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த இடம்தான்.

அடுத்து, தலையை மட்டும் கையில் தொங்கவிட்டு ஒரு சின்ன இரும்பால் தட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்று கேட்டால் நல்லது. ‘டொக்’ என்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கலாம். வெட்டும் வாய் பக்கம் விரலால் அழுத்தினால் வளையக்கூடாது. பெட்டியில் போட்டு வரும் பளபள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட்டுகள் மாடித் தோட்டத் தொட்டிகளுக்குப் போதும். தரையில் இறங்கி வேலை செய்ய அவை ஆகாது. ஐ.எஸ். 1759 என்று மண்வெட்டிக்கே தனியாக ஓர் இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அந்த எண் பொறித்த தலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றாலும் கவலை வேண்டாம். நல்ல கொல்லுப்பட்டறையில் அடித்த மண்வெட்டி எந்த பிராண்டுக்கும் சளைத்தது இல்லை.

எடை விஷயத்தில் வீம்பு வேண்டாம். புதிதாகப் பழகுபவருக்குத் தலை மட்டும் ஒன்றரை கிலோ அளவில் இருந்தால் போதும். மணல், இளகிய மண் என்றால் அகலமான தகடு. களிமண், கரிசல், சரளை என்றால் அகலம் குறைந்த தகடு. ஒட்டும் களிமண்ணில் அகலத் தகட்டைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் தகட்டோடு சேர்த்து இரண்டு, மூன்று கிலோ மண்ணையும் தூக்க வேண்டியிருக்கும்.

காம்புதான் இடுப்பைக் காப்பாற்றும்

பல இரும்புக் கடைகளில் தலை தனி, காம்பு தனி. இது ஒரு வசதி. உயரத்துக்கு ஏற்ற மாதிரி காம்பு போட்டுக்கொள்ளலாம். இரண்டடிக் காம்பு வைத்த மண்வெட்டியோடு ஐந்தே முக்கால் அடி ஆள் வேலை செய்தால் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். கடையிலேயே வெட்டுவது போல நின்று பாருங்கள். முழங்காலை லேசாக மடக்கி, தகட்டின் வாய் தரையைத் தொடும்போது முதுகு வில்லாக வளைந்தால், நீளக் காம்பு கேளுங்கள். தகட்டுக்கும் காம்புக்கும் இடையே உள்ள கோணமும் முக்கியம். கோணம் ரொம்பக் குறுகலாக இருந்தால், காம்பு நீளமாக இருந்தும் பயன் இல்லை.

மரம் கருவேலம் என்றால் நம்பி வாங்கலாம். எந்த மரமானாலும் ரேகை காம்பின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினாலோ நடுவில் முடிச்சு இருந்தாலோ வேண்டாம். தலை ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் குலுக்கிப் பாருங்கள். கழன்று பறக்கும் மண்வெட்டித் தலை பக்கத்தில் நிற்பவரின் மண்டையை உடைத்துவிடும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பி இறுகும் என்பது உண்மைதான். காய்ந்ததும் மறுபடி ஆடும். ஆப்பு அடிப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

குழி எடுக்கும் முன் ஒரு கணக்கு

ஒரு கன அடி மண் சுமார் 45 கிலோ. முருங்கைக்குச் சொல்லப்படும் ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி என்றால் ஏறக்குறைய 150 கிலோ மண் வெளியே வரும். தென்னைக்குச் சொல்லப்படும் 3 அடிக் குழி என்றால் 27 கன அடி, அதாவது 1,200 கிலோவுக்கும் மேல்! ‘ஒரு குழிதானே’ என்று காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் முடிக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கணும். பழக்கம் இல்லாதவர்கள் இரண்டு, மூன்று நாளாகப் பிரித்துச் செய்வதே நல்லது.

கீழே என்ன ஓடுகிறது?

இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. சென்னையின் பெரும்பாலான பகுதிகளில் மின்சாரக் கேபிள் தரைக்கடியில் வருகிறது. தெருவிலிருந்து மீட்டர் பெட்டிக்கு வரும் கேபிள் உங்கள் வாசல் மண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கலாம். கூடவே குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய். சில ஊர்களில் இப்போது எரிவாயுக் குழாயும் சேர்ந்திருக்கிறது. மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது, தெருப்பக்கம் கேபிள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பாதையை விட்டு விலகித் தோண்டுங்கள். தோண்டும்போது வரிசையாகப் பரப்பிய செங்கல், மற்ற மண்ணோடு ஒட்டாத மணல், எச்சரிக்கை எழுதிய பிளாஸ்டிக் பட்டை – இதில் எது தென்பட்டாலும் கையை நிறுத்திவிடுங்கள். கேபிளுக்கு மேலே இப்படித்தான் மூடி வைப்பார்கள். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் கேட்கலாம்.

வெட்டுவது எப்படி?

காய்ந்த மண்ணில் முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டுவிடுங்கள். மறுநாள் ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். அதுதான் பதம். சொதசொதவென்ற களிமண்ணை வெட்டினால் கட்டி கட்டியாகக் காய்ந்து கல்லாகிவிடும்.

கால்களை அகட்டி, தகடு வந்து விழும் கோட்டுக்கு வெளியே வைத்து நில்லுங்கள். மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்க வேண்டிய அவசியமே இல்லை. தோள் உயரம் தாராளம். கீழே இறங்கும்போது கையால் அழுத்தாமல் அதன் எடையில் விழ விடுங்கள். ஒரே வெட்டில் நிறைய மண்ணை இழுக்கும் ஆசைதான் முதுகுவலியின் ஆரம்பம். நாலு விரல் ஆழத்துக்கு வெட்டி இழுப்பதே சரி. மண்ணைத் தூக்கிப் போடும்போது இடுப்பை மட்டும் திருக்காமல் காலையும் சேர்த்துத் திருப்புங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நின்று தண்ணீர் குடியுங்கள், முன்கையை மாற்றிப் பிடியுங்கள். நாலைந்து அடிக்கு மேல் ஆழம் போகணும் என்றால், பக்கவாட்டு மண் சரிந்து ஆள் புதையும் ஆபத்து இருக்கிறது. அதை அனுபவம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

காயம் பட்டால்?

வெறுங்காலோடு மண்வெட்டி பிடிக்கக் கூடாது. மூடிய ஷூ கட்டாயம். தகடு காலில் பட்டால் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவிவிட்டு, காயம் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் கிருமி மண்ணிலேயே இருக்கிறது. கடைசியாக ஊசி போட்டது எப்போது என்று நினைவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடுப்பூசி போடுவார்கள்.

மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேலை செய்தால் எலிக்காய்ச்சல் வரவும் வாய்ப்பு உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே கிருமியை உள்ளே அனுப்பிவிடும். கம்பூட்ஸ் போடுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தேங்கிய தண்ணீரில் நின்று வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கல், விறகுக் குவியலை முதலில் குச்சியால் கிளறிவிட்டுத்தான் கை வைக்கணும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

மண்வெட்டிக்கு வருஷத்தில் ஒரு தடவை, ஆயுத பூஜை அன்றைக்குத்தான் குளியல் நடக்கிறது என்பது நிறைய வீடுகளின் கதை. ஒவ்வொரு முறையும் மண்ணைச் சுரண்டி, கழுவி, துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை தடவி வைத்தால் துரு ஏறாது. காம்புக்கு பெயின்ட் கடையில் கிடைக்கும் லின்ஸீட் ஆயில் நல்லது. சிராய் எழும்பினால் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.

வாய் மழுங்கினால் அரத்தால் ராவலாம். ஏற்கெனவே சரிவாக இருக்கும் பக்கத்தை மட்டும் ராவுங்கள். கத்தி மாதிரி மெலிதாக்கினால் முதல் கல்லிலேயே வாய் சிதைந்துவிடும். சாணைக்காரரிடம் மெஷினில் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். இரும்பு சூடேறி நீல நிறம் காட்டினால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் கொல்லுப்பட்டறையில் காய்ச்சிப் பதம் ஏற்றினால்தான் அந்த வாய் மறுபடி நிற்கும்.