பெட்டியில் இருந்த வசனம்



நம் ஆண்டவர் தம்முடைய சீஷரை ஊழியத்துக்கு அனுப்பியபோது ஒரு வாக்குத்தத்தம் அளித்தார். அதிகாரிகளின் முன் நிறுத்தப்படும் நாளில் என்ன சொல்வது என்று அவர்கள் கலங்க வேண்டியதில்லை. பிதாவின் ஆவியானவரே அவர்களுக்குள்ளிருந்து பேசுவார் என்றார் (மத்தேயு 10). இதைப் பிடித்துக்கொண்டு, சாட்சி சொல்வதற்கு ஆயத்தமே வேண்டியதில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ஆதித் திருச்சபையார் அதை அவ்விதமாகவா புரிந்துகொண்டார்கள்? அவர்கள் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தாரால் பயமுறுத்தப்பட்டு விடுதலையாகித் தங்களைச் சேர்ந்தவர்களிடம் வருகிறார்கள். கேட்டவர்கள் உடனே ஜெபிக்கிறார்கள். அந்த ஜெபத்தின் நடுவிலே 2-ஆம் சங்கீதம் நிற்கிறது. ஜாதிகளும் ராஜாக்களும் கர்த்தருக்கு விரோதமாய் எழும்புவதைப் பாடும் அந்தப் பழைய சங்கீதத்தை எடுத்து, ஏரோதையும் பிலாத்துவையும் அதற்குள் வைத்து, தங்கள் நாளின் செய்தியாகவே அவர்கள் வாசித்துவிட்டார்கள். அந்த நெருக்கத்தில் தோற்சுருளைத் தேடி விரித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? சங்கீதம் அவர்களுக்குள் முன்பே இருந்தது. அவர்கள் கேட்டதையும் கவனியுங்கள். ஆபத்து நீங்க வேண்டும் என்று கேட்கவில்லை. வசனத்தைத் தைரியமாய்ச் சொல்லும் பெலனையே கேட்டார்கள்.

இத்தகைய ஜெபம் ஒரே நாளில் வாய்ப்பதன்று. ‘திதாக்கே’ என்று வழங்கப்படும் ‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’ மிகப் பழைய சபை ஒழுங்கு நூல்களுள் ஒன்று. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை நாள்தோறும் மூன்று முறை சொல்லவும், புதன்கிழமையிலும் வெள்ளிக்கிழமையிலும் உபவாசிக்கவும் அது விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. ஏறத்தாழ கி.பி. 200-இல் வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன், காலையிலும் மாலையிலும் செய்யும் ஜெபத்தோடு மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளையும் சேர்க்கிறார். நம் கணக்கில் காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று. இவையெல்லாம் வேலை நேரங்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். சந்தையில் விற்பவரும், தறியில் நெய்பவரும், எஜமானுடைய வீட்டில் தண்ணீர் சுமக்கும் அடிமையும் அந்த வேளைகளில் தேவனை நோக்கித் திரும்பினார்கள்.

புறஜாதியார் ஒருவரின் சாட்சியும் நமக்கு உண்டு. ஏறத்தாழ கி.பி. 112-இல் பித்தினியா நாட்டின் அதிபதியாயிருந்த பிளினி, பேரரசன் திராயானுக்குக் கடிதம் எழுதினான். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன்னே கூடி, கிறிஸ்துவைத் தேவனாகப் பாவித்து மாறிமாறிப் பாடுவதாகவும், களவு செய்வதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன வாக்கை மீறுவதில்லை என்று தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வதாகவும் விசாரணையில் அறிந்தான். உண்மையைக் கறப்பதற்கு அவன் வதைத்தது சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களை. அந்தப் பெண்களின் பெயரை எழுத அவனுக்குத் தோன்றவில்லை.

வேதத்தை அவர்கள் எப்படிக் கற்றார்கள்? இங்கே நம் பழக்கத்தைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு வேதாகமம் என்பது அச்சு இயந்திரம் வந்தபின் கிடைத்த பாக்கியம். அந்நாளில் ஒவ்வொரு புத்தகமும் கையால் எழுதப்பட்டது, விலை மிகுந்தது. பெரும்பாலோருக்கு எழுத்தும் தெரியாது. வாசிப்போர் என்ற ஊழியக்காரர் சபையில் உரக்க வாசிக்க, மற்றவர்கள் செவியால் கற்றார்கள். ரோமாபுரியின் இப்பொலித்துவின் பெயரால் வழங்கும் ‘அப்போஸ்தலப் பாரம்பரியம்’ என்ற நூல், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் மூன்று ஆண்டுகள் வசனத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. ஊக்கமுள்ளவருக்குக் காலத்தைக் குறைக்கலாம், நடக்கையே முக்கியம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. முடிவில் அவர்களைக் குறித்து விசாரிக்கிறார்கள்: விதவைகளைக் கனப்படுத்தினார்களா? நோயாளிகளைச் சந்தித்தார்களா? மனப்பாடம் எவ்வளவு என்பது அந்தக் கேள்விகளில் இல்லை.

கிறிஸ்தவத்தை இகழ்ந்து எழுதிய கெல்சுஸ் என்பவன், கம்பளி வேலைக்காரரும் செருப்புத் தைப்போரும் வண்ணாரும் வீடுகளுக்குள் புகுந்து சிறுவருக்கும் பெண்களுக்கும் போதிக்கிறார்கள் என்று பரிகாசம் செய்தான். அவனுக்கு மறுப்பு எழுதிய ஓரிகன் அவனுடைய சொற்களைப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். பகைவன் ஏளனமாய் வரைந்த படந்தான். ஆனாலும் சுவிசேஷம் யாருடைய வாயால் பரவியது என்பதை அதைவிடத் தெளிவாய்க் காட்டும் படம் கிடைப்பது அரிது.

அத்தகையோர் சிலரை அவர்களுடைய வாய்ச்சொல்லாலேயே நாம் அறியலாம். கி.பி. 180, ஜூலை 17. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில், அதிபதி சாத்தூர்னீனுஸின் விசாரணை அறையில், ஸ்கில்லி என்னும் ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் நிறுத்தப்பட்டார்கள். விசாரணையின் குறிப்பு சுருக்கமானது. ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடலாம். லத்தீன் மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகளில் அதுவும் ஒன்று.

பேரரசனுடைய தெய்வத்தன்மையின் பேரில் ஆணையிட்டால் மன்னிப்பு உண்டு என்று அதிபதி சொன்னான். அவர்களுக்காகப் பேசிய ஸ்பெராட்டுஸ், அதிபதி அமைதியாய்ச் செவிகொடுத்தால் எளிமையின் இரகசியத்தைத் தான் எடுத்துச் சொல்வதாகக் கூறினான். உயிரை வாங்க உட்கார்ந்திருப்பவனுக்கே சுவிசேஷம் சொல்ல வாய்ப்புக் கேட்கிறான்! அதிபதி மறுத்துவிட்டான். அப்பொழுது ஸ்பெராட்டுஸ் தொடர்ந்தான். எந்த மனிதரும் கண்டிராத, இந்தக் கண்களால் காணக்கூடாத தேவனைத் தான் சேவிப்பதாகவும், தான் களவு செய்ததில்லை என்றும், வாங்கும் பொருளுக்கு வரி செலுத்துவதாகவும், ராஜாதி ராஜாவாகிய தன் கர்த்தரை அறிந்திருப்பதே அதற்குக் காரணம் என்றும் சொன்னான். 1 தீமோத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் 15, 16-ஆம் வசனங்களை எடுத்து இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொனாத்தா என்ற பெண் தன் முறை வந்தபோது, இராயனுக்கு இராயனுக்குரிய கனமும் தேவனுக்குப் பயமும் உரியது என்ற கருத்தில் பேசினாள். ரோமர் 13-ஐயும் 1 பேதுரு 2-ஐயும் அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். அதிகாரமும் வசன எண்ணும் அந்நாளில் இல்லை. அவள் மேற்கோள் காட்டவுமில்லை. அவளுடைய சொந்தப் பேச்சாகவே அது வெளிவந்தது.

சற்று நேரத்துக்குப் பின் அதிபதி அவர்களுடைய பெட்டியைச் சுட்டி, உள்ளே என்ன என்று கேட்டான். புத்தகங்களும், நீதிமானாகிய பவுலின் நிருபங்களும் என்று ஸ்பெராட்டுஸ் பதில் சொன்னான். பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று அதிபதி கேட்டறியுமுன்னே அதில் ஒரு பங்கை அவர்கள் வாயால் கேட்டுவிட்டிருந்தான். அது அவனுக்குத் தெரியவில்லை.

யோசித்து முடிவுசெய்ய முப்பது நாள் தவணை கொடுக்க அவன் முன்வந்தான். அவர்கள் ஏற்கவில்லை. ஏழு ஆண்களும் ஐந்து பெண்களுமாகப் பன்னிரண்டு பேருடைய பெயரும் கூறப்பட்டது. தேவனுக்கு நன்றி சொல்லி வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார்கள்.

அப்படியானால் ஆண்டவருடைய வாக்குத்தத்தம் என்னவாயிற்று? யோவான் 14-இல், தாம் சொன்னவற்றையெல்லாம் ஆவியானவர் நினைப்பூட்டுவார் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நினைப்பூட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். ஸ்கில்லியாருடைய நாவில் ஆவியானவர் பேசினார் என்று நான் சந்தேகமின்றி விசுவாசிக்கிறேன். அவர் எடுத்துக் கையாண்ட சொற்கள் பல ஞாயிறுகளில் அவர்கள் செவியில் விழுந்தவை.

கி.பி. 303-இல் பேரரசன் டயோக்கிளீசியன், வேத புத்தகங்களைச் சுட்டெரிக்கும்படி கட்டளையிட்டான். அடுத்த ஆண்டு அதே வட ஆப்பிரிக்காவின் அபித்தினா என்ற ஊரில், ஆராதனைக்குக் கூடிய 49 பேர் பிடிபட்டுக் கார்த்தேஜுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவ்வூர்ப் பேராயர் அதற்குமுன்பே புத்தகங்களை ஒப்புக்கொடுத்துவிட்டிருந்தார். போதகர்கள் இந்த வரியை நிதானித்து வாசிக்க வேண்டும். சபையின் வாசிப்போனாகிய எமெரித்துஸ் என்பவனை நோக்கி, உன்னிடம் வேத புத்தகங்கள் உண்டா என்று கேட்டபோது, உண்டு, ஆனால் என் இருதயத்தில் என்று அவன் சொன்னான். அதைக் கைப்பற்றிக் கொளுத்த எந்தச் சேவகனாலும் முடியவில்லை.

அதே உபத்திரவ காலத்தில் பலஸ்தீனாவில் இருந்த எகிப்தியனாகிய யோவானைக் குறித்துச் சபைச் சரித்திர ஆசிரியர் யூசேபியு எழுதுகிறார். யோவான் கண் தெரியாதவர். ஒரு நாள் திரளான சபையின் நடுவில் அவர் நின்று வேதபாகங்களைச் சொல்லக் கேட்ட யூசேபியு, யாரோ புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார் என்றே முதலில் எண்ணினார். நெருங்கிப் போய்ப் பார்த்தார். சுற்றிலும் கண்ணுள்ளவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவே அந்தக் குருடர், தீர்க்கதரிசியைப்போல, மனத்திலிருந்தே வாசித்துக்கொண்டிருந்தார்.